எங்க வீட்டுக்காரருக்குத்தான் டெஸ்ட்

உக்காரும்மா, உக்காரு. அந்தச் சேர் ஆடும், இங்கன எம்பக்கத்துல வந்து உக்காரு. என் பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். எனக்கில்லம்மா, எங்க வீட்டுக்காரருக்குத்தான் டெஸ்ட். அங்க கவுண்டர்ல நிக்காவ பாரு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, நெஞ்ச நிமித்திக்கிட்டு, வாரவன் போறவனை எல்லாம் கைகாட்டி வரிசையில நிப்பாட்டிக்கிட்டு, அவுகதான். டிரில் வாத்தியார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருசம் ஆச்சு, வரிசைன்னு ஒண்ணக் கண்டுட்டா இன்னும் கை சும்மா இருக்காது.

நீ யாரைக் கூட்டிட்டு வந்திருக்க? அப்பாவா? அந்த ஓரத்துல சுவரைப் பாத்து உக்காந்திருக்காவளே, அவுகளா? பேசமாட்டேங்காவளா? சாப்பாட்டுலயும் பிடிப்பு இல்லையா? எல்லாரும் மனசுதான்னு சொல்லுதாங்களாக்கும். அம்மா போனதுலருந்தா, அதுக்கு முந்தியேவா? முந்தியேன்னா சரி, அப்ப நான் சொல்லுதத கேட்டுக்கோ. கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு. நானும் வெறும் வயித்தோட உக்காந்திருக்கேன், பேசினா பசி தெரியாது.

எங்க வீட்டுக்காரருக்குப் பாலுன்னா உசிரு கேட்டியா. காலைல ஒரு செம்பு பால். மத்தியானம் சோத்துக்கு மேல கெட்டித்தயிர், கத்தி வச்சு அறுத்துப் போடுத மாதிரி இருக்கணும். ராத்திரி படுக்கப் போகைல பனங்கற்கண்டு போட்டு ஒரு டம்ளர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் அவுகளுக்கு வச்ச பேரே பால்காரர்தான். நாங்க சைவம். முட்டை வாசம் வந்தாலே தெருவை மாத்திருவோம். அதனால அந்த உடம்பு, அந்தக் குரல், அந்த நடை எல்லாமே பால்ல வளந்ததுதான்னு வச்சுக்கோயேன்.

எங்களுக்கு ஒரே மக, வடிவு. கல்யாணம் ஆகி ஆறு வருசம் பிள்ளை இல்ல. நான் கும்பிடாத சாமி இல்ல, சுத்தாத கோயில் இல்ல. கடைசில காசிக்குப் போனோம். காசிக்குப் போனா ஒண்ண விட்டுட்டு வரணும், தெரியும்லா? ஒரு காய், ஒரு பழம், அவங்கவங்களுக்குப் பிடிச்சது. விட்டா ஆயுசுக்கும் தொடப்படாது. எங்க மதினி இருக்காளே, எங்க வீட்டுக்காரரோட அக்கா, அவ போயி சீத்தாப்பழத்தை விட்டுட்டு வந்தா. அது வருசத்துல ஒரு மாசம்தான் கடையில கிடைக்கும். சாமியவே ஏமாத்துத வேலை. எனக்கு அதெல்லாம் ஆகாது.

நான் பாகற்காயை விட்டேன். சிரிக்காத. எனக்குப் பிடிக்காதுதான், இல்லங்கல. ஆனா உடம்புக்கு நல்லதுலா? நல்லதை விடுதது அதவிடப் பெரிசு.

அடுத்தால அவுக முறை. கங்கையில இடுப்பளவு தண்ணியில நிக்காவ. சாஸ்திரி என்னத்தை விடுதியன்னு கேக்காரு. அவுக என்னத்தையோ சொல்ல வாயெடுத்தாவ. நான் முந்திக்கிட்டு, பாலுன்னு சொல்லிட்டேன். பாலுன்னா பால் மட்டுமா, தயிரு, மோரு, நெய்யி எல்லாம் சேத்துத்தான். சாஸ்திரியே பதறிட்டாரு, யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு? பிள்ளை கேட்டுப் போயிருக்கோம், சீத்தாப்பழத்தையா நீட்ட முடியும்? அவுக என் முகத்தை ஒரு தரம் பாத்தாவ. பாத்துட்டு, தண்ணிய அள்ளி விட்டு, "பால்"ன்னாவ. அவ்வளவுதான். வாத்தியார் வாக்கு கொடுத்தா வாக்குதான்.

நான் ஒண்ணும் அவுகளைப் பட்டினி போடல பாத்துக்கோ. வாரத்துல ரெண்டு நாள் தேங்காப்பால் பிழிஞ்சு சொதி வச்சுக் கொடுத்தேன். "இதுவும் பால்தான ஆவுடை?"ன்னு சந்தேகமாக் கேட்டாவ. மாட்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதாங்கும்னு ஒரு அதட்டு அதட்டினேன், பேசாம சாப்பிட்டாவ.

அடுத்த வருசமே வடிவு உண்டாயிட்டா! பொம்பளைப் பிள்ளை, தங்கக்கட்டி, மகிழினின்னு பேரு. நான் தெருத்தெருவாச் சொன்னேன், எல்லாம் எங்க வீட்டுக்காரர் பாலை விட்ட மகிமைன்னு. மதினி முகத்தைப் பாக்கணுமே அன்னைக்கு.

பிள்ளைக்கு மூணு வயசு ஆகப் போகுத சமயம், இவுக கொஞ்சம் கொஞ்சமா ஒடுங்கிட்டாவ. முதல்ல காலைல நடக்கப் போகுதது நின்னுது. அப்புறம் பேப்பர் படிக்குதது நின்னுது. அப்புறம் பேச்சே நின்னுட்டு. சுவரைப் பாத்துப் படுத்துக்கிடுவாவ, உங்க அப்பா மாதிரிதான். சோறு ருசிக்கல, நாக்கு எரியுதும்பாவ. காலுக்குள்ள எறும்பு ஊருதும்பாவ. நான் பாயை உதறி உதறிப் போடுவேன், ஒரு எறும்பையும் காணும். சாவிய எங்க வச்சோம்னு தெரியாது, அடுப்புல பருப்பு வெந்துச்சான்னு பாக்கப் போனா எதுக்கு வந்தோம்னு நின்னுக்கிட்டு இருப்பாவ. பேத்தி ஓடிவந்தா தூக்கமாட்டாவ. "கீழ போட்ருவேன், நீயே வச்சுக்கோ"ம்பாவ. தாத்தாவுக்குப் பொம்பளைப் பிள்ளைன்னா இளக்காரம்னு சம்பந்தி வீட்டுல ஒரு பேச்சு வேற கிளம்பிட்டு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மதினி சொன்னா, ரிட்டயர் ஆன ஆம்பிளைக்கு இப்படித்தான் சோகம் பிடிக்கும்னு. மருமகன் சொன்னாரு, மாமாவுக்கு டிப்ரஷன்னு. எதுத்த வீட்டுக்காரி கண்ணேறுன்னா. நான் எல்லாத்துக்கும் செஞ்சேன். சோகத்துக்குக் குற்றாலம் கூட்டிட்டுப் போனேன். அருவி பக்கம் வரைக்கும் வந்துட்டு, கால் நிக்கமாட்டேங்குன்னு திரும்பிட்டாவ. கண்ணேறுக்கு மிளகாய் சுத்திப் போட்டேன். அதுல எனக்குத்தான் இருமல் வந்துச்சு.

நான் சத்தம் போடாத நாள் இல்ல. இப்படிக் கோட்டி பிடிச்சவன் மாதிரி கிடந்தா நான் யார்ட்ட போய்ப் பேசன்னு கத்துவேன். முன்னாலனா ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பித் தருவாவ. அப்ப ஒண்ணும் சொல்லமாட்டாவ. ஒருநாள் நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன், பின்னால வந்து நின்னு, சாதாரணமா, உப்பு எங்க இருக்குன்னு கேக்குத மாதிரி கேட்டாவ.

"ஆவுடை, நான் எதுக்கு இருக்கேன்?"

நான் வாய்க்காரிதான், ஊரே சொல்லும். ஆனா அன்னைக்கு உரிச்ச வெங்காயத்தை அப்படியே போட்டுட்டு அவுக கையைப் பிடிச்சுக்கிட்டேன், வெங்காயக் கையோட. இந்த மனுசனை விட்டுட்டு நான் ஒரு நாள் இருந்தது கிடையாது. பிரசவத்துக்குப் போனப்பக்கூட எட்டு மைல் சைக்கிள் மிதிச்சு தினம் வந்துட்டுப் போனாவ. அவுகள எப்படியாவது பழையபடி எனக்குத் திருப்பிக் கொடுத்துருன்னு அம்பாள்ட்ட அழுதேன்.

அழுதுட்டு யோசிச்சேன். யோசிச்சதுல எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. ரோஸ்லின் டீச்சர்.

அது யாருன்னா, பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். அந்தக் காலத்துல சுதந்திர தின அணிவகுப்புக்கு ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேத்து இவுக ரெண்டு பேரும்தான் பழக்குவாவ. எங்க கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு பேருக்கும் ஏதோ ஒரு பிரியம்னு ஊர்ல ஒரு பேச்சு. அவங்க வேதக்காரங்க, ஏசுவக் கும்பிடுதவங்க, நாங்க சைவம், நடக்குமா? இத்தனை வருசம் நானும் வாயத் திறந்து கேட்டதில்ல, அவுகளும் சொன்னதில்ல. இப்ப வயசான காலத்துல அந்த நினைப்புதான் மனுசனை உருக்குதுன்னு எனக்குத் தீர்மானமாயிட்டு. எங்க வீட்டுக்காரரோட உசிரா, என் ரோசமான்னு பாத்தேன். ரோசம் கிடக்கட்டும் சவம்னு பஸ் ஏறிட்டேன்.

சமாதானபுரத்துல வீடு. தலை நல்லா நரைச்சிருந்துச்சு, ஆனா ஆள் வேலு மாதிரி நிமிந்து நின்னா. நான் சுத்தி வளைக்கல. டீச்சர், மனுசன் உங்களை நினைச்சே படுத்துட்டாவ, ஒருதரம் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே! ஆனாலும் நல்ல மனுசி. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கிட்டு மறுநாளே வந்துட்டா.

நான் நல்ல சேலை உடுத்தி, அவுகளுக்குச் சவரம் பண்ணவச்சு, எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவுக உள் ரூம்லருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாவ. வந்து, அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, "யாரு, கரண்டு ஆபீஸா?"ன்னாவ.

எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லுவானேன், அவ்வளவு கவலையிலயும் எனக்கு ஒரு சந்தோசம்.

அவளுக்குக் கோவம் வரல. அவ அவுக மூஞ்சியவே பாக்கல கேட்டியா, காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அவுகளை வாசல் வரைக்கும் நடந்து வரச்சொன்னா. திரும்பி நடக்கச்சொன்னா. அப்புறம் என்னை அடுக்களைக்குக் கூட்டிட்டுப் போயிச் சொன்னா: "தரை எங்க இருக்குன்னு தெரியாம நடக்காங்கம்மா. கீழ பாத்துப் பாத்துக் காலை வைக்காங்க. சார் நடை இது இல்ல. மனசு சங்கடம்னா நடை மெதுவாகும், இப்படித் தடுமாறாது. நாளைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க."

சார் நடை இது இல்லையாம்! முப்பத்தஞ்சு வருசம் கழிச்சும் ஞாபகம் வச்சிருக்கா பாத்தியா, சாரு எப்படி நடப்பாவன்னு. அதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு கோவம் உண்டு. ஆனாலும் மறுநாள் கூட்டிட்டுப் போனேன்.

இதே டாக்டர்தான், உள்ள இருக்காருல்ல, அவருதான். சின்ன வயசுக்காரரு. நாக்கை நீட்டச் சொன்னாரு. வழுவழுன்னு, செக்கச்செவேல்னு இருந்துச்சு. ஒரு இரும்புக் கவட்டையத் தட்டி கால் பெருவிரல்ல வச்சு, அதிருதான்னு கேட்டாரு. அதிரலன்னாவ. என் கையில வச்சா விர்ர்ருன்னு அதிருது. காலைச் சேத்து வச்சு, கண்ணை மூடிட்டு நில்லுங்கன்னாரு. ஆயிரம் பிள்ளையளை அட்டென்ஷன்ல நிக்கவச்ச மனுசன், அப்படியே சாஞ்சிட்டாவ. டாக்டர் பிடிச்சுக்கிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

ரத்தத்தைப் பாத்துட்டு, பி பன்னெண்டு இல்லன்னாரு. பி-ன்னு ஒரு எழுத்து, பன்னெண்டுன்னு ஒரு நம்பரு. டவுன் பஸ்ஸுல்லா அது! அது ஒரு சத்தாம். சாப்பாட்டுல கறி, மீன், முட்டை, பாலு இதுலதான் இருக்குமாம். சைவக்காரங்களுக்கு அந்தப் பாலு ஒண்ணுதான் கதியாம். அதையும் விட்டுட்டு, இவுகளை மாதிரி சுகர் மாத்திரையவும் வருசக்கணக்காப் போட்டா அது சுத்தமா வத்திருமாம். வத்தினா நரம்பு போகும், ஞாபகம் போகும், மனசு இருண்டு போகுமாம். தைராய்டு, ரத்தசோகைன்னு இன்னும் எத்தனையோ இப்படி மனசு நோய் வேசம் கட்டிக்கிட்டு வருமாம். மனசு நோயும் நிசமான நோய்தான் அம்மா, அதுக்கும் வைத்தியம் உண்டு, ஆனா மனசுதான்னு முடிவு கட்டுததுக்கு முந்தி ரத்தத்தையும் ஒருதரம் பாத்துரணும்னாரு. அதான் உங்க அப்பாவைப் பாத்ததும் சொல்லணும்னு தோணுச்சு.

அப்புறம் டாக்டர் கேட்டாரு, யார் சொல்லி இப்படி ஒரேயடியாப் பாலை விட்டீங்கன்னு. கொஞ்சம் கோவமாத்தான் கேட்டாரு. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இவுக சொன்னாவ, "நானாத்தான் விட்டேன் டாக்டர்."

பாத்தியா? அவுக வாயாலயே சொல்லிட்டாவ. டாக்டர் நல்லா ஏசினாரு அவுகளை. நானும் கூடச் சேந்து ஏசினேன். பிடிவாதம், அந்த மனுசனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஊசி போட்டாங்க. முதல்ல தினம், அப்புறம் வாரம், அப்புறம் மாசம். உடனே ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசம் போல கழிச்சு, ஒருநாள் காலைல நான் கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன், உள்ள இருந்து விசில் சத்தம். அந்தப் பழைய டிரில் விசிலு! பேப்பர்காரன் பேப்பரைச் சாக்கடைப் பக்கம் எறிஞ்சிட்டானாம், அதுக்கு ஊதுதாவ. நான் கோலப்பொடிக் கையோட ஓடிப்போய், காலங்காத்தால எதுக்கு ஊரைக் கூட்டுதியன்னு சண்டை போட்டேன். அவுக ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பித் தந்தாவ. அன்னைக்கு நான் அடுக்களையில நின்னு அழுத அழுகை சந்தோசத்துல. வடிவு வந்தப்போ பேத்தியத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ரதவீதி நாலையும் சுத்தி வந்தாவ. சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணாலயே பாத்தாங்க.

ஆனா பால் மட்டும் தொடமாட்டேன்னுட்டாவ. டாக்டர் ஊசியோட பாலும் சேத்துக்கச் சொல்லிட்டாரு. இவுக, பிள்ளையக் கொடுத்தவன்ட்ட கொடுத்த வாக்கு, பேத்தி முகத்தைப் பாத்துக்கிட்டு எப்படி மீற முடியும்ங்காவ. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். அவுக ஒருவாய் மோர் குடிச்சு, அங்க பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான் என்னைக்கும் தூங்கமாட்டேன். இந்தப் பக்கம் மனுசன், அந்தப் பக்கம் பேத்தி. நான் என்ன செய்ய?

ஒரு காரியம் செஞ்சேன். யார்ட்டயும் சொல்லல, உன்ட்டதான் சொல்லுதேன். காந்திமதி அம்மன் சன்னதியில போய் நின்னு, அம்மா, உனக்கு எங்க வீட்டுல ஒரு ஆள் பாலை விட்டிருக்கணும், அவ்வளவுதான, இன்னையிலருந்து அது நானு, அவுகளை விட்டுருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து, பிள்ளைக்குக் காது குத்தியாச்சுன்னா வேண்டுதல் முடிஞ்சுட்டுன்னு குருக்களே சொல்லிட்டாருன்னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். மனுசன் நம்பிட்டாவ. அன்னைக்கு ராத்திரி பனங்கற்கண்டு பாலைக் கையில கொடுத்தப்ப அவுக முகத்தைப் பாக்கணுமே! அதுக்கு நான் ஏழு ஜென்மம் பால் இல்லாம இருப்பேன்.

அதாச்சு மூணு வருசத்துக்கு மேல. எனக்குக் கருப்பட்டிக் காப்பிதான், தயிரு கிடையாது, மோரு கிடையாது. உடம்பைக் குறைக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். என் உடம்பைப் பாத்தா யாரும் நம்பிருவாங்க. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் வருசக்கணக்கா தினம் ஒரு மாத்திரை, வேற ஒண்ணும் கிடையாது எனக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன். வயசாயிட்டுல்லா, கொஞ்சம் அசதி. வீட்டுல டைல்ஸ் போட்டதுலருந்து காலு மதமதங்கு, அந்தக் குளிர்ச்சி ஆகல. முன்ன மாதிரி சண்டை போடத் தோணல. மக போன் அடிச்சா, அடிச்சுட்டுப் போகட்டும்னு உக்காந்திருக்கேன். போன வாரம் துவைச்ச துணிய மடிச்சுக்கிட்டு இருக்கும்போது சும்மாவே அழுகை வந்துட்டு. பொம்பளைன்னா அதெல்லாம் உள்ளதுதான.

இவுகதான் இப்ப ஒரு மாசமா ஒரு மாதிரி நடந்துக்கிடுதாவ. ஒருநாள் பல் விளக்கிட்டு வாரேன், "நாக்கை நீட்டு"ங்காவ. பேத்தி எடுத்த வயசுல என்ன விளையாட்டுன்னேன். முந்தாநாள் மொட்டைமாடியில ஒரு கோட்டைக் கிழிச்சு, அதுமேல நட, லெஃப்ட் ரைட்டுன்னாவ. எனக்கு என்னத்துக்கு இந்த வயசுல டிரில்லுன்னு திட்டிக்கிட்டே நடந்தேன், ஒரு எட்டு கோட்டை விட்டு வெளிய போயிட்டு. சிரிப்பாவன்னு பாத்தேன். சிரிக்கல. கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாவ. அப்புறம் வந்து, எனக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும், துணைக்கு நீயும் வான்னாவ. வாரேன்னேன். நீயும் வெறும் வயித்தோடதான் வரணும்னாவ. புருசனுக்கு டெஸ்ட்டுன்னா பொண்டாட்டி எதுக்குப் பட்டினி கிடக்கணும், நீயே சொல்லு? சரி, ஒத்தையில பட்டினி கிடக்கக் கஷ்டமா இருக்கும் போலன்னு நானும் ஒண்ணும் கேக்கல.

இரு, இரு. அந்தப் பிள்ளை யாரைக் கூப்பிடுதா? ஆவுடையம்மாளா? அது நானுல்லா! ஆவுடையம்மாள், அறுபத்தி மூணா? அட கடவுளே. கவுண்டர்ல பேரைக் கேட்டதுக்கு என் பேரைச் சொல்லியிருக்காவ. வயசைக் கேட்டதுக்கு என் வயசைச் சொல்லியிருக்காவ. பாரு, கதவைப் பிடிச்சுக்கிட்டு என்னைத்தான் கைகாட்டிக் கூப்பிடுதாவ, கண்ணு வேற கலங்கியிருக்கு. எல்லாம் தேறிட்டாவம்மா, இந்த மறதி ஒண்ணுதான் இன்னும் போகமாட்டேங்கு. என் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ, பேரைத் திருத்தச் சொல்லிட்டு வந்திருதேன்.